மீட்டர் பார்த்த பிள்ளை

கும்மிடிப்பூண்டி
12-1-1958

கர்த்தருக்குள் பிரியமான கிரேஸுக்கு மோசஸ் எழுதுவது.

இங்கு நான் சுகம். நீயும் நம் பிள்ளை செல்வியும் மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திருவள்ளூர் போனவள், பதினேழு நாளாக ஒரு வரி எழுதவில்லை. புதுவருஷ ஆராதனையில் பாஸ்டர் உன்னைக் கேட்டார். "அப்பா ஊட்டுக்குப் போயிக்கிறா ஐயா" என்று சமாளித்தேன்.

ஒரு நல்ல செய்தி. போன மாதம் இஞ்சின் வெடித்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் உள்ளே தேங்கி, தாமதமாய்த் தீப்பிடித்திருக்கிறது. பதினாறு தீயறைகளையும் கழற்றிக் கரி சுரண்டி மாட்டிவிட்டேன். விமானப் படையில் ஃபிட்டராயிருந்தபோது இந்த ஜெட் இஞ்சினை என்னைத் தொட விட்டதில்லை. ஏலத்தில் பழைய இரும்பாய் வந்ததை நம் கொல்லைக் கொட்டகையில் ஓட வைத்தவன் உன் புருஷன். அக்கம்பக்கம்தான் கேலி பேசுகிறது. பக்கத்து வீட்டு தேசப்பன், "இன்னா மோசஸு, ஒன் ராட்சசன் எப்ப எய்ந்துப்பான்? சொன்னா மாட்டை அவுத்துக்கினு போய்டுவேன்" என்கிறான்.

செல்விக்குக் காதில் இரைச்சல் நின்றதா? ஒர்க்ஷாப்பில் எங்கள் எல்லோருக்கும் வந்து போனதுதான். சீக்கிரம் அழைத்து வா. மீட்டர் பார்க்க ஆளில்லை.

உன்
மோசஸ்

*

திருவள்ளூர்
19-1-1958

அன்புள்ள கணவருக்கு கிரேஸின் தோத்திரம்.

எழுதாததற்கு மன்னியுங்கள். நல்லதாய் எழுத ஏதாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை தம்பி பாக்கியராஜும் நானும் செல்வியைப் பட்டணத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வெண்கல மணியை ஓங்கி அடித்தார். இவள் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு காதுலயும் நரம்பு செத்துப்போச்சும்மா. இனிமே வராது" என்றார். திரும்பி வரும்போது செல்வி கேட்டாள்: "ஏம்மா, இந்த ரயிலு ஏன் சத்தமே போடல?"

கைப்பிடியை விட்டு நீங்கள் நகர முடியாதென்று ஏழு வயதுப் பிள்ளையை மீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று அவள் கத்திச் சொல்ல வேண்டும், நீங்கள் அவள் வாயசைவைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள். ஏனென்றால் காதை மூடும் கவசம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது உங்கள் காதில் இருந்தது.

இதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. செல்வி தினமும் உங்களைக் கேட்கிறாள்.

கிரேஸ்

*

கும்மிடிப்பூண்டி
2-2-1958

பிரியமான கிரேஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. முழங்காலில் நின்று அழுதேன். கர்த்தர் ஏன் இப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் ஒரு வாசலைத் திறக்கிறார். பட்டணத்து இஞ்சினியரிங் காலேஜிலிருந்து ஒரு பேராசிரியர் 15-ஆம் தேதி சம்சாரத்தோடு வந்து இஞ்சினைப் பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் அவர்கள் ஒர்க்ஷாப்பில் எனக்கு வேலை. ரைஸ்மில் பெல்ட்டோடு மாரடிக்கிறது அன்றோடு முடியும். நீயும் செல்வியும் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொள். காது விஷயத்தை அவர்கள் முன்னால் பேச வேண்டாம்.

சத்தத்துக்கு பயப்படாதே. இனி செல்விக்கு அதனால் என்ன ஆகப் போகிறது?

உன்
மோசஸ்

*

திருவள்ளூர்
17-2-1958

கணவருக்கு கிரேஸ் எழுதுவது.

அன்று சொல்லாமல் ரயிலேறித் திரும்பிவிட்டேன் என்று கோபித்திருப்பீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் இஞ்சினைக் கிளப்பியதும் பேராசிரியரும் அந்த அம்மாளும் காதைப் பொத்திக்கொண்டு வேலிவரை போய்விட்டார்கள். செல்வி என் கையை உதறிக்கொண்டு ஓடி, வழக்கமான இடத்தில் போய் நின்றாள். யாரும் சொல்லவில்லை. எண்ணைக் கத்திக்கொண்டே இருந்தாள். நீங்கள் ஒரு தடவை அவளைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான்தான் பார்த்தேன்.

நீங்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. முள் இறங்க இறங்க, அந்த அமைதியில், ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாள். குரல் எப்படி மாறிவிட்டது, கவனித்தீர்களா? அந்த அம்மாள் குனிந்து, "ஒன் பேர் இன்னாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிள்ளை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "அது பொறந்ததுலேர்ந்தே செவுடும்மா."

நான் வாய் திறக்கவில்லை. பேசக் கூடாதென்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். வேலை கிடைத்ததா?

கிரேஸ்

*

கும்மிடிப்பூண்டி
15-6-1958

கிரேஸ்,

வேலை கிடைத்தது. மூன்று மாதம் போனேன். இதற்கிடையில் உனக்கு எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. அந்த அம்மாள் ஒருநாள் ஒர்க்ஷாப்புக்கு வந்து, செல்விக்கு என்று ஒரு பொம்மை கொடுத்தார். "பாவம், பொறவிலேயே அப்படி" என்றார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அன்றே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கவசம் உட்பட. கதவைக் காட்டினார்.

இஞ்சினைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கொட்டகை காலி. நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டும். காலில் விழுந்தாவது கேட்பேன், அவளுக்குப் புரியும். வருகிற 29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் வருகிறேன். நீ திரும்பி வரவேண்டாம். ஒரு மணி நேரம் அவளோடு இருந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

மோசஸ்

*

திருவள்ளூர்
22-6-1958

மோசஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உண்மையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன்.

செல்வியைப் பட்டணத்தில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். இடம் எது என்று சொல்ல மாட்டேன். அப்பாவும் பாக்கியராஜும்கூடச் சொல்ல மாட்டார்கள். சேர்க்கிற தாளில் தகப்பன் என்று போட்ட இடத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். பிறவிச் செவிடு என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாயிருந்ததோ, அவ்வளவுதான் எனக்கும் இருந்தது.

பிள்ளையிடமும் சிலேட்டில் அப்படியே எழுதிக் காட்டினேன். எப்படி என்று கேட்டாள். இஞ்சின் வெடித்துவிட்டது என்று எழுதினேன். அந்த வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "நான் மீட்டர் பாக்க இல்லாததாலயாம்மா?" என்றாள்.

இல்லை என்று எழுதியிருக்கலாம். பலப்பம் கையில்தான் இருந்தது. எழுதினால் அடுத்த கேள்வி கேட்பாள், அதற்கடுத்ததும் கேட்பாள், கடைசியில் உங்களை உயிரோடு கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்த வேண்டியிருக்கும். சிலேட்டைத் துடைத்துவிட்டேன். அவளாக ஒரு பதிலை வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறாளாம், பள்ளிக்கூடத்தம்மா எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

கிரேஸ்