முகத்தில் ஊதிய திருநீறு

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் பாண்டி, மருமகள் செல்வி, அலங்காநல்லூரிலிருந்து வந்த என் அண்ணன் சோலைமலை.

செல்விக்கு ரத்தப் புற்றுநோய். டாக்டரம்மா என்னையும் பாண்டியையும் உட்காரவைத்துச் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. "இந்த மருந்து தீனி மாதிரி வேஷம் போட்டு வெள்ளை அணுவுக்குள்ள போயி, அதுக்குச் சக்தி குடுக்குற அடுப்பையே அணைச்சிரும். கெட்ட அணுவோட, நோயைத் தடுக்குற நல்ல அணுவும் செத்துரும். சளி இருமலோட யாரையும் கிட்ட விட்றாதீங்க."

அண்ணன் இருமிக்கொண்டே வந்தார். அடுப்படியிலிருந்து நான் ஓடிவருவதற்குள் செல்வி நெற்றியில் திருப்பரங்குன்றத்துத் திருநீற்றைப் பூசி, வழக்கம்போல அவள் முகத்துக்கு நேரே ஊதிவிட்டார். பெரியவரை எப்படித் தடுப்பாள் அவள்? தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, இம்புட்டு இருமலை வச்சுக்கிட்டா ஊதுவ?"

"முருகன் திருநீறு தாயி, என்ன செய்யும்?"

"திருநீறு செய்யாது. ஒன் மூச்சு செய்யும்!"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றவரின் முகம் செத்துப்போனது.

பக்கத்திலேயே நின்ற பாண்டி, "மாமா மனசு நோகுமேன்னு சொல்லலம்மா" என்றான். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற வாத்தியார் வாய்!

செல்வி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் சுடவில்லை.

அண்ணன் தெரியாமல் செய்தார், போகட்டும். தெரிந்தும் வாய்மூடி நின்றானே, அவனை மன்னிக்கவே மாட்டேன். நான் பெற்ற பாண்டி.