எங்கள் சட்டையில் அவர்கள் பறவை

மார்ச் 3, செவ்வாய்

சட்டைகள் தலைநகர் கீட்டோவிலிருந்து வந்துவிட்டன! எல்லாவற்றிலும் நெஞ்சில் நான் வரைந்த பறவை. மஞ்சள் வயிறு, கறுப்பு முகம், சிறகில் நீலம், பின்னந்தலையில் மஞ்சள் கோடு. எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கே அந்தப் பறவையின் பேர்தான், ‘கருந்தாடைகள்’. ஞாயிற்றுக்கிழமை கீழூரோடு இறுதி ஆட்டம். நான்தான் கோல்கீப்பர்; சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்தேன். என் வீட்டுக்காரன் எலிசேயோ விழுந்து விழுந்து சிரித்தான்.

மார்ச் 4

மானம் போச்சு. கீழூர் அணித்தலைவி நெல்வா சந்தையில் சட்டையைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி ரொசால்பா, எங்க ஊர்ப் பறவை நீலச்சிறகிய மாட்டிக்கிட்டு எங்ககூடயே மோத வர்றீங்களா? கறுப்புத் தாடை எங்கடி?”

சந்தையே சிரித்தது. கொல்லையில் வாழைப்பழம் கொத்த வந்ததைப் பார்த்துத்தானே வரைந்தேன்? ரெண்டும் மஞ்சள், ரெண்டும் கறுப்பு — நான் என்னத்தக் கண்டேன்!

மார்ச் 5

விடியலில் எலிசேயோ மேல்காட்டுக்குக் கூட்டிப்போனான். மூடுபனி விலகியதும், பாசி பிடித்த ஒரே கிளையில் இரண்டும்! நீலச்சிறகிக்கு முதுகு கறுப்பு, சிறகில் பளீரென்று நீலம், வயிற்றிலிருந்து அலகின் அடிவரை சுத்த மஞ்சள். கருந்தாடைக்கு முதுகு ஆலிவ் பச்சை, வயிறு ஆரஞ்சு கலந்த மஞ்சள், அலகுக்குக் கீழே மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு.

“இந்தப் பொட்டுக்கா அப்படி அழுத?”

“வாய மூடுய்யா. பறந்துடப்போகுது.”

எவ்வளவு அழகு!

மார்ச் 7

அணி முழுக்க எங்கள் அடுப்படியில். கறுப்பு நூலில் தாடை, பச்சை நூலில் முதுகு, நீலத்தின் மேலும் கறுப்பு. நான் தைத்ததைத் துனியா தூக்கிக் காட்டினாள். “இது தாடை இல்லடி, ஆட்டுத்தாடி!” சிரித்த சிரிப்பில் எல்லோர் விரலிலும் ஊசி.

மார்ச் 8, ஞாயிறு

கொட்டும் மழை. சமன். பெனால்டியில் கடைசி உதை நெல்வாவுடையது. இடப்பக்கம் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டு வெளியே — ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்!

சேற்றில் கிடந்த என்னைத் தூக்கிவிட்டதே நெல்வாதான். அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 15

காலையில் வாசலில் நெல்வா, கையில் பாலாடைக்கட்டி. கீழூருக்கும் புதுச் சட்டை வேண்டுமாம், பறவையை நான்தான் வரைய வேண்டுமாம். கொல்லையில் உட்கார்ந்து வண்ணம் குழைத்தேன்.

“முதுகு பச்சைதானே?” என்றாள்.

“உங்க பறவைடி அது! கறுப்பு.”

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இங்கேயே இருந்துவிட்டாள்.