பாதி வாக்கியத்தில் கைமாறிய மடிக்கணினி

அனுப்புநர்
பயனாளியின் மனைவி,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முன்னாள் ஆசிரியர் வீடு,
மூன்றாம் மாடி, லிஃப்ட்டுக்கு எதிர்க் கதவு,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறக் கட்டடம்.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
உதவிக் கருவிகள் வழங்கும் பிரிவு.

பொருள்: கண் அசைவால் பேச உதவும் மடிக்கணினி – மாற்றித் தரப்பட்ட புதிய கணினியின் பிராசஸர், கிராஃபிக்ஸ் திறன் பழையதற்கு ஈடாக இல்லாமை – பழைய கணினியை அழித்துவிடாமல் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் புகார். 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய நான்கு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் புகாரைக் கோபத்தில் எழுதினேன். அதனால் சுருக்கமாக எழுதிவிட்டேன். தங்கள் பதிலும் அதே அளவில் வந்தது. இம்முறை விவரமாக எழுதுகிறேன். தாங்கள் வேலைப்பளு மிகுந்தவர் என்பதை அறிவேன். ஆனாலும் கடைசி வரி வரை படித்த பிறகே முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாக்கியத்தைக் கடைசி வரை கேட்காமல் போனதால்தான் இந்த மனுவே எழுத நேர்ந்தது.

1. என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மாணவர்கள் அவரை ‘பிரேக் சார்’ என்பார்கள், அவர் காதில் விழாத இடத்தில். பேச்சுதான் அவருக்கு மூச்சு. கியர் மாற்றத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “அது கியரும்மா, களைச்செடி இல்ல. நீ புடுங்கிட்டா நாம ரெண்டு பேரும் நடந்துதான் போகணும்” என்று அவர் சொன்னதை அந்தப் பெண்ணே இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள். நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என்னை அவர் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். சமாதானமாக இருக்கும் நாட்களிலும் அப்படித்தான்.

2. நரம்பு நோய் முதலில் அவர் கைகளை எடுத்துக்கொண்டது. பிறகு கால்களை. அப்புறம் நாக்கை. இப்போது அவர் சொன்னபடி கேட்பவை இரண்டு கண்கள் மட்டுமே. நானும் மகளும் முன்பும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

3. தங்கள் பிரிவு முதலில் கொடுத்த மடிக்கணினியை நாங்கள் மறக்கவே மாட்டோம். அதற்கான நன்றியை இந்தப் புகாரிலேயே பதிவு செய்கிறேன். திரையின் கீழுள்ள கேமரா அவருடைய கண்மணிகளைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். பார்வை எந்த எழுத்தின் மேல் விழுகிறது என்று அந்தப் படங்களிலிருந்து கண்டுபிடிப்பது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. அடுத்த சொல்லை ஊகித்துக் குரலாக மாற்றுவது பிராசஸரின் வேலை. ஒரு சொல் முடிந்தவுடன் அது ஒலித்துவிடும்படி வைத்திருந்தோம். முழு வாக்கியம் சேரும் வரை பொறுத்திருக்கும் குணம் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது.

அந்தப் பழைய கணினி பார்வைக்கு லட்சணமாக இராது. செங்கல் கனம். இரண்டு விசிறிகளும் சுற்றத் தொடங்கினால் பக்கத்து அறையில் யாரோ தலைமுடி உலர்த்துவது போல இரையும். ஆனால் கிராஃபிக்ஸுக்கென்று தனிச் சிப், அதற்கென்று தனி நினைவகம். காலையில் இருந்த வேகம் சாயங்காலமும் இருக்கும். அதைக்கொண்டு அவர் எங்களோடு சண்டை போட்டார், ஐயா. வேறு எதையும் நான் இவ்வளவு பெருமையாகச் சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்குப் பதில் பேசுவதற்கு வேகம் வேண்டும்.

4. புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் சென்ற மாதம் தங்கள் மேற்பார்வையாளரும் ஒரு தொழில்நுட்பரும் வீட்டுக்கு வந்தார்கள். புதிய மடிக்கணினி மெல்லியது, சத்தமில்லாதது, விசிறியே இல்லாதது. அதன் பிராசஸர் பழையதைவிட மூன்று தலைமுறை புதியது என்றார்கள். கிராஃபிக்ஸுக்குத் தனிச் சிப் கிடையாது, பிராசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம். நினைவகத்திலும் பங்குதான். இரண்டு கணினிகளையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதனை ஓட்டினார்கள். பழையதற்கு நூறு என்றால் புதியதற்கு நூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது. மேற்பார்வையாளர் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு புதிய கணினியை என் கணவரின் முகத்துக்கு நேராக வைத்து, “எப்படி சார் இருக்கு, சொல்லுங்க” என்றார். சோதனை ஓடிய சூடு அதற்குள் கணினியின் அடியில் ஏறியிருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. என் கணவர் திரையைப் பார்த்தார். ‘நல்லா’ என்றது கணினி. கொஞ்சம் பொறுத்து ‘இருக்கு’ என்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவர் கண்கள் மட்டும் திரையில் அங்குமிங்கும் போய்க்கொண்டே இருந்தன. மேற்பார்வையாளர் கைதட்டினார். ‘பயனாளி திருப்தி தெரிவித்தார்’ என்று எழுதிக்கொண்டு, பழைய கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுக்கு இன்னும் நான்கு வீடுகள் இருந்தன.

லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்து மீதி ஒவ்வொரு சொல்லாக வரத் தொடங்கியது. “பாக்க. ஓட்டிப் பாக்கணும். பழசு ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும்.”

அதாவது அவர் சொல்ல வந்தது: நல்லா இருக்கு பாக்க. ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நல்ல வண்டி என்று சொன்னவர் அல்ல அவர். நான் படியிறங்கி ஓடினேன். தெருமுனையில் தங்கள் வாகனத்தின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது.

5. முதல் புகாருக்குத் தாங்கள் அளித்த பதிலில், ‘புதிய கணினி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திறன் கொண்டது என்பது சோதனையில் நிரூபணமாகியுள்ளது, பயனாளியே தம் வாயால் நல்லா இருக்கு எனக் கூறி ஏற்றுக்கொண்டுள்ளார், எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது’ என்று கண்டிருந்தது. தம் வாயால் என்ற சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். அதை என் கணவருக்குப் படித்துக் காட்டவில்லை.

6. அந்தச் சோதனையை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்தத் தொழில்நுட்பரைத் தொலைபேசியில் கேட்டேன். “அந்த டெஸ்ட் ரெண்டு நிமிஷம்தான் ஓடும்மா. அதுக்குள்ள இது பழசை முந்திடும். சூடு ஏறினப்புறம் என்ன ஆகும்னு அதுல வராது” என்றார் அவர். உண்மையைச் சொன்னதற்காக அவர்மீது எவ்வித நடவடிக்கையும் வேண்டாம் என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவரும் எத்தனை வீடுகளுக்குத்தான் ஓடுவார்.

வீட்டில் நடப்பது இதுதான். கணினியைப் போட்ட கொஞ்ச நேரம் திரையிலுள்ள சுட்டி கண் சொன்ன இடத்துக்கு ஓடுகிறது. பழையதைவிட வேகமாகவே ஓடுகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அடிப்பக்கம் சுடத் தொடங்குகிறது. சுட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்கிறது. உள்ளே குடியிருக்கும் கிராஃபிக்ஸும் கூடவே சோர்ந்து போகிறது. அவர் ‘க’வைப் பார்த்தால் சுட்டி இன்னும் ‘ம’விலேயே நிற்கிறது. சரி, ‘ம’வையே மறுபடி பார்ப்போம் என்று திரும்பினால், இப்போது அது ‘க’வுக்குப் போய்ச் சேருகிறது. கணினியை அணைத்து, ஆறவைத்து, மறுபடி போடுகிறேன். மேசை விசிறியை அதன்மேல் திருப்பி வைத்தும் பார்த்தேன். அவருக்குக் கண் உலர்ந்து எரிந்தது. நிறுத்திவிட்டேன்.

இதைப் பற்றி என் கணவர் ஒரு கருத்துச் சொன்னார். ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. “சமதரையில ஓட்டிக் காட்டி, மலைக்கு வித்துட்டாங்க.” இதைவிடச் சரியான ஒப்பீட்டறிக்கை எனக்கு எழுத வராது.

7. எங்கள் மகள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில் போவாள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாளே தவிர வாரை மாட்ட மாட்டாள். தினமும் காலையில் அவள் கதவருகே போகும்போது பழைய கணினி, “ஸ்ட்ராப்” என்னும். அவள், “போட்டாச்சுப்பா” என்பாள். “பொய்” என்னும் கணினி. “எல்லாம் எங்களுக்குத் தெரியும். போற வழியைப் பாருங்க” என்பாள். அவளுக்கும் வாய் நீளம்தான், யார் பெண். நோய் வந்த பிறகும் எங்கள் வீட்டில் மாறாமல் இருந்தது அந்த ஒன்றுதான்.

புதிய கணினி வந்த வாரத்தில் ஒருநாள், அவள் போய்க் கதவைச் சாத்தி, கீழே ஸ்கூட்டர் கிளம்பிய சத்தமும் தேய்ந்த பிறகு, “ஸ்ட்ராப்” என்றது. அறையில் நான் மட்டும் இருந்தேன். “அவ போட்டுட்டா” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவள் வாரை மாட்டினாளா என்று நான் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆகி வெகுகாலம் ஆகிறது.

மறுநாளிலிருந்து மகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கதவருகே நின்றாள். பொறுமையாக நின்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அவள் வந்து நின்றதும் கண்களை மூடிக்கொண்டார். அவள் கிளம்பிப் போனபின் திறந்தார். இப்போது தினமும் அப்படித்தான். அவள் படியில் இறங்கும்போதே வாரை மாட்டிக்கொள்கிறாள். அதை அவரிடம் நான் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் ‘தண்ணி’, ‘வலி’, ‘போதும்’ என்று ஒற்றைச் சொல்லில் பேசுகிறார். அவை கணினி சூடாவதற்குமுன் முடிந்துவிடுகின்றன. என்னை ‘ஆடிட்டர்’ என்று கூப்பிட்டு நாளாகிவிட்டது. அதற்கு எழுத்து அதிகம்.

8. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்களை அசைக்கும் தசைகளும் தளரத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, “பேச வேண்டியதைப் பேசிடுங்க” என்றார். ஆகவே அடுத்த ஆண்டு இதைவிட நல்ல கணினி வரும், அப்போது பார்க்கலாம் என்ற பதில் எங்களுக்கு உதவாது. வரும், வாங்கிக்கொள்ளக் கண் இருக்காது.

9. திரும்பப் பெற்ற கணினிகளை இம்மாதக் கடைசியில் உடைத்து அழித்துவிடுவார்கள் என்று தங்கள் அலுவலக வரவேற்பு மேசையில் சொன்னார்கள். எங்களுடையது தங்கள் கிடங்கில்தான் இருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். மூடியில் பயிற்சிக் காரில் ஒட்டும் சிவப்பு ‘பயிற்சி’ வில்லை ஒட்டியிருக்கும். அது என் மகளின் குறும்பு. விதிப்படி அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்பதை மறுக்கவில்லை. எங்கள் தேவைக்கு அந்தக் கிழட்டு வண்டி போதும். புதியதைப் பெட்டியோடு திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். தற்காலிக இரவல் என்று எழுதிக்கொண்டு கொடுத்தாலும் சரி. தங்கள் நேரம் பார்த்து நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன். செங்கல் கனம் எனக்குப் பழக்கம்.

கூடவே, தங்கள் கோப்பில் உள்ள ‘பயனாளி திருப்தி தெரிவித்தார்’ என்ற வரியை அடித்துவிட வேண்டும். கணினி வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்ய வேண்டுகிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

10. ஐந்தாம் பத்தியை மட்டும் விட்டுவிட்டு இந்த மனுவை அவருக்குப் படித்துக் காட்டினேன். தானும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கண்ணால் காட்டினார். இன்று காலை கணினி நன்றாக ஆறியிருந்தபோது தொடங்கினார். நடுவில் மூன்று முறை அணைத்துப் போட்டோம். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அழுகை இல்லை, களைப்பு. மதியத்தில் கண்களை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை, தூங்கிவிட்டார். அதுவரை வந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்:

“சார், பழசு கிடைச்சா மொதல்ல நான்”

இதை என்னால் முடித்து எழுத முடியும். இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமல் போகாது. மகளுக்கும் தெரியும், அவள் வேறு விதமாக முடிப்பாள். ஆனால் அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை ஒருமுறை வேறொருவர் முடித்துவைத்துவிட்டார். அந்தத் தவறை நானும் செய்வதாக இல்லை. ஆகவே அது இருக்கிறபடியே இருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

தாங்கள் மனம் வைத்தால் அவரே அதை முடிப்பார் என்ற நம்பிக்கையில் இதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: இம்மாதம் 19

இப்படிக்கு,
பயனாளியின் மனைவி (கையொப்பம்)

பயனாளி: வாக்கியம் முடியவில்லை