இரண்டும் இடது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போகலாம், மனசு வரவில்லை. அதற்காகப் பதறாதே, புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, அலுப்புத்தான். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் பேசினால் பட்டறை வரைக்கும் கேட்கிறது, பக்கவாதம் வந்து உன் அப்பாவின் வலது கைதான் விழுந்ததே தவிர காது நன்றாகவே இருக்கிறது. அன்றைக்கு நீ, "அப்பாவால இனிமே முடியாதும்மா, பட்டறைய மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றாயே, அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கதவருகில் நின்றிருந்தார். அதற்குப் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும் அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று நான் சொல்லும்படி ஆனது. ஒரு மனுஷன் இத்தனை முறையா குளிப்பார் என்று நீயும் கேட்கவில்லை.

வக்கீலின் பழைய கார் உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா விழுவதற்கு முன்பே ரிப்பேருக்கு நம் பட்டறைக்கு வந்து நின்றது. மற்ற வேலை எல்லாம் முடிந்து முன் கண்ணாடி மட்டும் பாக்கி. அது இப்போதைய கார்களில் மாதிரி ஒட்டி வைத்த கண்ணாடி இல்லை. பித்தளைச் சட்டத்துக்குள் நிற்கும், காற்று வேண்டுமென்றால் சட்டத்தோடு வெளியே தள்ளித் திறக்கலாம். திறந்தது அப்படியே நிற்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைப் பிடி உண்டு, என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், நடுவில் திருகு ஓட ஒரு பிளவு, நுனியில் பக்கவாட்டில் ஒரு வளைவு. இடப்பக்கத்துப் பிடி இருக்கிறது, வலப்பக்கத்தது எந்தக் காலத்திலோ தொலைந்து போயிருக்கிறது. திருகின் தலை உட்கார முகப்பில் ஒரு குழி இருப்பதால் ஒன்றைப் புரட்டி மற்றதாகப் போடவும் முடியாது, செருப்பு மாதிரி. அந்தக் காரைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உன் மாமா பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினான், பீரோ தாழ்ப்பாள் ஒன்றும் ஃபிரிட்ஜ் கைப்பிடி ஒன்றும் கொண்டுவந்து "அக்கா, பாத்தா அப்படியே இருக்குல்ல?" என்றான். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அப்படியேதான் இருந்தது. வக்கீலும் எங்கெங்கோ எழுதிப்போட்டு ஒன்றை வரவழைத்தார், அது அடுத்து வந்த மாடலுக்கானது, பிளவு அகலம் போதவில்லை. வேறு இடம் பார்க்கட்டுமா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாமளே செய்யலாம். இதுவும் வரலன்னா, அவ சொன்னாப்ல மூடிடலாம்" என்றார். வாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை, வந்ததும் இப்படி வந்தது.

நாமளே என்றால் யார்? அவர் சொல்ல வேண்டும், நான் செய்ய வேண்டும். ஆயுசு முழுக்க ரவிக்கை தைத்தவள் கையில் அரத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். பழைய பிடியை இடது கையில் தூக்கிக் காட்டுவார், பித்தளைத் தகட்டில் எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ராவ வேண்டும் என்று கண்ணாலும் தாடையாலும் சொல்வார். அவர் நினைத்தது எனக்குப் புரியாவிட்டால் அவருக்குக் கோபம், புரிந்து நான் செய்வது கோணலானால் எனக்குக் கோபம். தோள்பட்டை விட்டுப் போகிறது. பித்தளைத் தூள் புடவையில், தலையில், படுக்கையில், ஒருநாள் காபியில்கூட. சமையல், அவருடைய மாத்திரை, கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது எல்லாம் முடித்து அரத்தைத் தொடும்போதே எனக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் சொக்கும். உண்மையைச் சொல்கிறேன், மூடிவிட்டு உன்னிடமே வந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன், ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஒருவழியாக முடித்து, துணியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, காரில் வைத்துப் பார்த்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வளைவு உள்ளே பார்க்க வேண்டியது வெளியே பார்க்கிறது. நாங்கள் செய்து வைத்திருந்தது இன்னொரு இடப்பக்கத்துப் பிடி. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோமா, அவர் தன் வலது பக்கம் தாடையைக் காட்டினால் எனக்கு அது இடது பக்கம், நான் அந்தப் பக்கமே வளைத்திருக்கிறேன். அவரும் நான் வளைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வைஸில் நின்ற பிடியின் முகப்பு என் பக்கம், முதுகு அவர் பக்கம், அங்கிருந்து பார்த்தால் அது சரியாகத்தான் தெரிந்திருக்கும். கண்ணெதிரில் நடந்த தப்பு இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் அரத்தை எடுத்துச் சுவரில் வீசினார். நானும் சும்மா இருக்கவில்லை, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், முடிந்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுப்படியில் போய் அழுதேன். அவர் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

விடிந்ததும் நானே போய் என் நாற்காலியைத் தூக்கி அவர் பக்கத்தில் போட்டேன், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. சட்டைக்குக் கை வெட்டும்போது துணியை மடித்து வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாகத் தானே வரும், பித்தளையை யார் மடிப்பது? அதனால் பழைய பிடியைத் தாளில் வைத்து வரைந்து வெட்டினேன், வெட்டிய தாளைப் புரட்டித் தகட்டின் மேல் ஒட்டினேன், மேலே தெரிகிற முகத்தில் குழிக்குப் புள்ளி வைத்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது. அவர் பழைய பிடியை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு "இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். அன்றைக்கு யார் சொல்லவிட்டார்கள்? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு ஒன்று கவனித்தேன். அரம் சாய்ந்தால் நான் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்திலேயே கண்டுபிடித்து என் மணிக்கட்டை இடது கையால் லேசாகத் தூக்கிவிடுகிறார். அவரால் முடியாது என்று நீ சொன்னது ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போன அப்பாவை வைத்து. இவர் அவர் இல்லை, பழைய அப்பாவும் இல்லை, வேறொருவர்.

நேற்று பிடி உட்கார்ந்துவிட்டது. திருகை அவரே இடது கையால் முறுக்கினார். சட்டத்தைத் தள்ளித் திறந்தோம், நின்றது. இனி கண்ணாடியை ஏற்ற வேண்டும், பழைய கண்ணாடி, கனம், ஆளுக்கு இரண்டு கையாக இரண்டு பேர் வேண்டும், எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றுதான் இருக்கிறது. வக்கீல் ஆள் அனுப்புகிறேன் என்றார், மாமா நான் இருக்கிறேன் என்றான். அப்பா இரண்டுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் தனியாக, "அவ வரட்டும். வந்து ஒரு பக்கம் பிடிக்கட்டும். பாத்துட்டு, மூடணுமா வேணாமான்னு அப்பறம் சொல்லட்டும்" என்றார். இத்தனை மாதத்தில் உன்னை வரச்சொல்லி அவர் பேசிய முதல் பேச்சு இது.

குழந்தைக்குப் பள்ளிக்கூடம், உனக்கு வேலை, எல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் வா என்று ஒரு தடவையும் நான் சொன்னதில்லை, சமாளித்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், வா. எனக்கு ரொம்ப அலுத்துவிட்டது கண்ணு.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எந்த நாள் வருகிறாய் என்பதை என்னிடம் சொல்லாதே. நீ கூப்பிட்டால் இந்த முறை அவர் குளிக்க மாட்டார், தூங்கவும் மாட்டார், போனை அவர் கையில்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா