இரண்டு பிரஷர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கத்தினால் உங்களுக்குக் கேட்காது, இங்கே கத்தினால் நர்ஸ் விடமாட்டார். அதனால் எழுதி உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தம்பி இன்னும் ஐசியூவில்தான். வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து அடித்து ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல், அதில் இப்போது நிமோனியா. முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக் காற்றைத் தள்ளுகிறார்கள். டாக்டரம்மா "பிரஷர் ஏறியிருக்கு" என்றார். மானிட்டரில் குறைவாகத்தானே காட்டுகிறது என்றேன். "அது உடம்போட பிரஷர். நான் சொல்றது நுரையீரலுக்குள்ள ஓடற ரத்தத்தோட பிரஷர். அங்க ரத்தக் குழாயெல்லாம் இறுகிப்போச்சு, இதயம் முட்டி முட்டித் தள்ளுது" என்றார். ஒரே ஆளுக்குள் இரண்டு பிரஷராம், ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும்!

தண்ணீர் கூடினால் நுரையீரலில் தேங்கிவிடும், குறைந்தால் கிட்னி காய்ந்துவிடும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். வாயில் ஒரு சொட்டு கூடாது. அவரோ மாஸ்க்கைத் தூக்கித் தூக்கித் தண்ணீர் கேட்கிறார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன், அண்ணி.

பயத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

மார்ச் 4

தம்பி மனைவிக்கு,

பிரஷர் இறங்கியிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். இறங்கினால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். சின்ன வயதில் மயங்கி மயங்கி விழுவான். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தால் எழுந்து ஓடுவான். அதையே ஃபிளாஸ்கில் ஊற்றி மாப்பிள்ளையிடம் தந்திருக்கிறேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது கொடுத்துவிடு. அவர்கள் ஆயிரம் சொல்வார்கள், நாக்கு வறள்வது அவர்களுக்கா? என் தம்பி தாகத்தோடு போனால், இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

அண்ணி

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபிளாஸ்கைப் பார்த்ததுமே "அக்கா குடுத்தாளா?" என்று கை நீட்டினார். மூடியில் ஊற்றி வாய்வரை கொண்டுபோய்விட்டேன். மாஸ்க்கை விலக்கியதும் உதடு நீலமாகிவிட்டது. பயந்துபோய் மாஸ்க்கை மாட்டிவிட்டு, எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. "நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்றார்.

மதியம் மூச்சு இன்னும் மோசமாகி, மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மெஷின்தான் மூச்சு விடுகிறது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். கடைசியாக என்று எழுதவே கை கூசுகிறது.

கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது நிறைந்தால் கிட்னி வேலை செய்கிறதாம், நிறையக் காணோம். நான் செய்தது சரியா, பாவமா? திட்டவாவது ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 7

அம்மாடி,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போட்டேன். உன்னை என்னவெல்லாம் கேட்கலாம் என்று யோசித்தே ஒரு நாள் போயிற்று. அப்புறம் ஆறாமல், டாக்டரம்மாவிடம் கேட்டுவரச் சொல்லி மாப்பிள்ளையை அனுப்பினேன். வந்து என் காதில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாவம். அந்த மூச்சிரைப்பில் வாயில் ஊற்றியிருந்தால் புரையேறி நேரே நுரையீரலுக்குப் போயிருக்குமாம். போகாவிட்டாலும் அவ்வளவு உப்புத் தண்ணீரை அந்த இதயம் தாங்காதாம். அன்றைக்கே போயிருப்பான் என்றாராம்.

பிரஷர் என்றால் கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். அங்கே நான் இருந்திருந்தால் ஊட்டியிருப்பேன். அவன் கேட்டு நான் எதை இல்லை என்றேன்?

பையில் இன்று கொஞ்சம் மூத்திரம் இறங்கியிருக்கிறதாம். ஆனாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றாராம். நீ வேளைக்கு ஒரு வாய் சாப்பிடு. கண் விழித்தால் அவன் உன்னைத் திட்டத்தான் செய்வான், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். விழிக்காவிட்டால், எனக்கு எழுத வரவில்லை. எது நடந்தாலும் அந்த வீட்டுக்குத் தனியாகப் போகாதே. நேரே இங்கே வந்துவிடு. எனக்கும் பயமாக இருக்கிறது.

உன் அண்ணி