அப்பாவின் டார்ச்சுக்கு நான்கு பேட்டரி

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் டார்ச் மேஜையில் இருக்கிறது. நேற்று அதைப் பிரித்துப் போட்டதற்காக மகளைத் திட்டிவிட்டு, வெறுங்கையோடு காவலுக்குப் போனீர்களே, அவள் அதைப் பாழாக்கவில்லை. கிடங்கைப் பாதி சுற்றுவதற்குள் மங்கிவிடுகிறது என்று நீங்கள் புலம்பியதைக் கேட்டுத்தான் கை வைத்திருக்கிறாள்.

போன வாரம் நீங்கள் இந்த இரண்டு பேட்டரி டார்ச்சுக்கு நான்கு பேட்டரியை ஒரே வரிசையில் கோத்துப் பல்பைப் பொசுக்கினீர்கள். அவள் இரண்டிரண்டாகக் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பக்கம் பக்கமாக இணைத்திருக்கிறாள்.

"ஒண்ணு பின்னால ஒண்ணா வச்சா கரண்ட் வேகம் ஏறும்மா. பக்கத்துல சேர்த்தா ரொம்ப நேரம் தாங்கும். அப்பாவுக்கு நேரம்தானே வேணும்?" என்றாள்.

வெளிச்சம் பழையபடிதான், ஆனால் விடியும் வரை வருமாம். காலையில் எரியவிட்டுப் பார்த்தேன். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நம் வீட்டுப் பெண்ணாக்கும் இவள்!

கூடுதல் ஜோடியை வெளியே வைத்து டேப் சுற்றியதில் டார்ச்சுக்குக் கூன் விழுந்திருக்கிறது. சிரித்துவிடாதீர்கள்.

பி.கு: பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடக் கூடாதாம். உங்களிடம் நேரில் சொல்ல மாட்டாளாம், என்னை எழுதச் சொன்னாள். ரோஷம் அப்படியே உங்களைப் போல.

இன்னொன்று: அவள் பள்ளிவிட்டு வரும்போது தூங்குகிற மாதிரி நடிக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து, "எப்படிச் செஞ்ச, காட்டு" என்று கேளுங்கள்.