நீங்கள் கை நனைக்காமல் போன ஞாயிறு

அன்புள்ள அப்பா,

போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைக் கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. விருத்தாசலத்தில் வெயில் தாங்க முடியவில்லை. செராமிக் எஸ்டேட்டில் நீங்கள் சூளைக்குச் சரக்கு அடுக்கிய அதே யூனிட் சுவரோரம் உங்கள் சைக்கிள் இன்னும் நிற்கிறது. நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. ஆனாலும் டயரில் காற்று இறங்கவில்லை. யாரோ அடித்து வைக்கிறார்கள். யார் என்று பிறகு சொல்கிறேன்.

நான் சென்னையில் எம்பிஏ படித்தபோது ஒரு பாடம் எடுத்தேனே, நினைவிருக்கிறதா? வேறு வேறு பண்பாட்டுக்காரர்களோடு பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று. போனில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பேரம் பேசறதுக்கா காலேஜு? நம்ம மார்க்கெட்டு மீன்காரம்மாவக் கூட்டிட்டுப் போயி வாத்தியாரா போடச் சொல்லு பாப்பா." நான் கோபித்துக்கொண்டேன். ஜப்பான்காரர் பேசாமல் இருந்தால் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது, சில ஊர்களில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவே மாட்டார்கள் என்றெல்லாம் உங்களுக்கு வகுப்பு எடுத்தேன். "அப்புடியா" என்று கேட்டுக்கொண்டீர்கள்.

அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி என் வாடகை வீட்டுக்கு வந்து நின்றீர்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் பூவும் பழமும். பூ எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான் பாப்பா" என்றீர்கள். அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் கத்திரிக்காய் சாம்பார் வைத்திருந்தேன். "சாப்புடலாம், மொதல்ல ஒரு விஷயம் பேசிடுறேன்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள்.

"நம்ம யூனிட்ல வசந்தான்னு ஒரு அம்மா இருக்குது பாப்பா. பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதும். ஊரு கருவேப்பிலங்குறிச்சி. புருஷன் இல்ல, புள்ள இல்ல, அதுவும் தனியாத்தான் இருக்குது. நானும் தனியாத்தான்..."

பூவும் பழமும் கல்யாணத்துக்கு என் சம்மதம் கேட்கத்தான் என்று அப்போது புரிந்தது.

நான் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. சண்டை போட்டிருப்போம், அழுதிருப்போம், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். நான் என் படிப்பைக் காட்டினேன். உங்கள் பேச்சை உங்களுக்கே திருப்பிச் சொல்லி, புரிந்துகொண்ட மகளாக முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு அந்த இடத்திலேயே இல்லாத ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கூட்டி வந்தேன். மாமா என்ன சொல்வாரோ, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் என்ன சொல்வார்களோ. கடைசியில், "ஒரு வருஷம் போகட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அந்த ஒரு வருடம் வரவே வராது என்று எனக்குத் தெரியும். எதிராளிக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார், இதுதான் எங்கள் முதல் வகுப்பு. என்னை விட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

"உன் இஷ்டம் பாப்பா" என்றீர்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

"வாங்கப்பா, சாப்புடலாம்."

"இல்ல பாப்பா, பசிக்கல. ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடு."

தண்ணீரைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டீர்கள். பூவை மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அந்த வாரமே பாடத்துக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது, சொந்தப் பண்பாட்டிலிருந்து ஓர் உதாரணத்தோடு. நம் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவார்கள் என்று எழுதினேன். சோற்றில் கை வைத்தால் சம்மதம், வைக்காவிட்டால் இல்லை, ஒரு வார்த்தை பேசாமலே எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று பெருமையாக விளக்கினேன். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார், கை தட்டினார்கள். நீங்கள் தொடாத சோற்றை எலுமிச்சம்பழம் பிழிந்து கிளறிச் சாப்பிட்டுக்கொண்டேதான் அந்தப் பக்கத்தை எழுதினேன் அப்பா.

அதன் பிறகு இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்தீர்கள். மூன்று முறையும் டீதான். "வழியிலேயே சாப்புட்டேன் பாப்பா." சுகர் இருக்கிறது, வாயைக் கட்டுகிறார் என்று தோழிகளிடம் சொன்னேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? தெரிந்தால் மறுபடி பேச வேண்டிவரும் என்று தெரியாதது மாதிரி இருந்தேனா? இத்தனை நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதில் நல்லபடியாக வரவில்லை.

உங்களை வாசலில் கிடத்தியிருந்த அன்று யூனிட் பெண்களோடு வசந்தா அம்மாவும் வந்திருந்தார். தெருமுனை தாண்டி வரவில்லை. கையில் வர்ணக் கறை இருந்தது. பார்த்தேன், பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டேன். அதையும் நான்தான் செய்தேன்.

போன ஞாயிறு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். கையில் பூவும் பழமும். அவரேதான் கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"உங்கப்பாவுக்கு உம்மேல கோவமில்லம்மா. ஏங்க, புள்ள வூட்டுல போயி ஒரு வாய் சாப்புடக் கூடாதான்னு நான்கூடக் கேட்டுருக்கேன். 'இன்னும் பேச்சு முடியல வசந்தா. சாப்புட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். எம் பொண்ணு படிச்ச புள்ள, அதுவா ஒரு நாளைக்குத் திரும்பக் கேக்கும்'னு சொல்வாரு. கடைசி வரைக்கும் அதத்தான் சொன்னாரு."

அப்பா, நீங்கள் தோற்றுப்போய் எழுந்து போகவில்லையா? எனக்காகவா பேச்சை மூடாமல் வைத்திருந்தீர்கள்?

நான் அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பது அவர்தான் என்றும் அப்போதுதான் தெரிந்தது. கேட்க வந்ததைக் கேட்டேன். அடுத்த மாதம் உங்கள் தெவசம். எனக்குச் சின்னம்மாவாக வந்து முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

நான் கொண்டுபோன பூவையும் பழத்தையும் அவர் தொடவில்லை. "யோசிக்கணும்மா. அவரு இருக்கறப்ப இல்லாத ஒறவு, இப்ப எதுக்கு?" என்றார். எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். கருவாட்டுக் குழம்பு.

"நீங்க சரின்னு சொல்லாம நான் கை நனைக்க மாட்டேன். தண்ணி மட்டும் குடுங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்புடியே அவரு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல பசி. அன்றைக்கு ரயிலில் உங்களுக்கும் இப்படித்தான் வயிற்றைப் பிசைந்திருக்கும். ஒரு பன்னாவது வாங்கித் தின்றீர்களா?

இந்த ஞாயிறும் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் அடுத்த ஞாயிறும் போவேன். படித்த வித்தை எதையும் அவரிடம் காட்ட மாட்டேன், கேட்க மட்டும் செய்வேன். அவர் சரி என்கிற அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவோம். உங்களுக்கும் ஓர் இலை போடுவேன். அன்றைக்காவது கை நனையுங்கள் அப்பா.

பேச்சை இன்னும் முடிக்காத,
உங்கள் பாப்பா